புஷ்பம் பூட்டிய சைக்கிள்

என் அன்புப் புஷ்பத்துக்கு,

நேற்று உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். வல்லத்தில் உன்னோடு வேலை பார்த்த தனம் என்னைக் காட்டி, "அந்தக் காலத்துலயே பொண்டாட்டிக்கு சைக்கிள் பூட்டிக் குடுத்து வேலைக்கு அனுப்புன மனுஷன்" என்றாள். நம் மகளுக்கு ஒரே பெருமை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபதுகளில் உனக்குக் கிராம சேவிகா வேலை கிடைத்தது. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய் வல்லத்தில் இறங்கி, ஊர் ஊராக நடந்து பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தாய். அதற்காகத்தான் சைக்கிள் வாங்கினோம். பிரேம், ஃபோர்க், பிரேக் கம்பி எல்லாம் தனித்தனியாகக் காகிதம் சுற்றி வந்தன. கடலை மில்லில் ஃபிட்டராக இருந்த நான், நானே பூட்டித் தருகிறேன் என்றேன்.

மில்லில் ஒருவன் கேட்டான். "இன்னாப்பா, பொண்டாட்டி சைக்கிள்ல ஊர் சுத்தப் போவுது, நீ வூட்ல சோறாக்கப் போறியா?" எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்தில் பதிக்க வேண்டிய மிளகளவு இரும்புக் குண்டுகளை எடுத்து ஒளித்து வைத்தேன். அவை இல்லாமல் ஃபோர்க்கைப் பூட்ட முடியாது.

"குண்டு இன்னும் வரல புஷ்பம், திண்டிவனத்துலருந்து வரணுமாம்." மூன்று வாரம் இதையே சொன்னேன். உன் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்ததைப் பார்த்த பிறகும் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் நீயே சைக்கிள் கடைக்குள் நுழைந்தாய். "அன்னிக்கே உங்க வூட்டுக்காரர் கையில குடுத்தனே" என்றார் கடைக்காரர். வாசலில் நின்ற என்னை நீ திரும்பிப் பார்க்கவில்லை. "வேற ஒரு செட்டு குடுங்க" என்றாய். எப்படிப் பூட்டுவது என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டாய்.

வீட்டில் கிரீஸ் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தாய்.

"பிரேமத் தூக்கிப் புடிங்க. ஆட்டாதீங்க, உதிர்ந்துடும்."

நான் பிடித்தேன். கீழிருந்து ஃபோர்க்கை ஏற்றி, மேலே நட்டை முறுக்கினாய். மற்றதெல்லாம் முடிந்ததும் ஸ்பேனரை என்னிடம் நீட்டினாய்.

"பிரேக்க நீங்க பாருங்க."

உன் உயிரே அதில்தானே இருந்தது? அதைப் போய் ஏன் என்னிடம் விட்டாய்? கேட்கிற தைரியம் கடைசிவரை எனக்கு வரவில்லை. பிரேக் கட்டைகளை இறுக்கினேன், தளர்த்தினேன், கோட்டை ரோட்டு இறக்கத்தில் நான்கு தடவை நானே ஓட்டிப் பார்த்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை உன் பின்னாலேயே ஓடிவந்தேன். கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. நீ பிரேக்கைப் பிடித்தாய். சைக்கிள் அப்படியே நின்றது.

"நிக்குதுங்க" என்றாய், லேசாகச் சிரித்து. பிறகு திண்டிவனம் ரோட்டில் மிதித்துப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் கேட்பவர்களிடமெல்லாம் "அவருதான் பூட்டிக் குடுத்தாரு" என்றே சொன்னாய். அந்தப் பேரில் நானும் சுகமாக இருந்துவிட்டேன், இல்லையா?

மகள் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள். அதற்கு முன் அவளை உட்கார வைத்து, "குண்டை ஒளித்தவன் நான், சைக்கிளைப் பூட்டியவள் உன் அம்மா" என்று என் வாயாலேயே சொல்லிவிடுவேன். கோபப்பட்டால் படட்டும். உன் பேர் உன்னிடமே வந்து சேரும், புஷ்பம்.

கடைசிவரை நீ காட்டிக்கொடுக்காத
உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து