வெயில் படாத இரண்டு வருஷம்

அன்புள்ள நைனாவுக்கு பிரேமலதாவின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? போனில் சொன்னால் அம்மா அழுவாள், அதனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி உங்கள் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். பெருங்குடல் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில் ரத்தம் போவது நின்றுவிட்டது. ஆனால் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது! வெயிலில் கிடைக்கிற அந்த வைட்டமின் குறைந்தவர்களுக்குத்தான் குடல் நோய் அதிகம் என்று எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன்!

தன் மகன் கிரணுக்கு என்னைப் பேசி முடித்ததும் ரத்னம்மா அத்தை, "வெயில்ல சுத்திக்கினு இருந்தா கறுத்துடுவடி" என்று, நான் இந்தச் சீமைக்குக் கிளம்பும்வரை இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே வைத்தாள். இப்போது நோய்க்காரி மருமகளாக வேண்டாமாம். உடனே போன் போட்டேன்.

"அத்தே, என் குடலக் கெடுத்ததே நீதான்!"

"சீமைல கண்டதத் துன்னுட்டு எம்மேல பழி போடறியா?" வைத்துவிட்டாள்.

அத்தைதான் காரணம் என்று எழுதித் தரும்படி டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். இரண்டும் சேர்ந்து வருமாம்; இதனால்தான் அது வந்தது என்று சொல்ல முடியாதாம்; நோயாலும் வைட்டமின் குறையுமாம். பழிவாங்க ஒரு சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

கிளாஸ்கோவில் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. மத்தியானம் கழனிக்குப் போனதும் வீடியோ கால் போடுங்கள், இங்கே அப்போதுதான் காலை. பேசக்கூட வேண்டாம், போனை வேர்க்கடலைச் செடி பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அத்தையிடம் கெஞ்சப் போகிறீர்களாமே? போகாதீர்கள் நைனா. கிரண் யாரைக் கட்டினாலும் அந்தக் கல்யாணத்துக்கு வருவேன். ஒரு மாதம் முன்பே வந்து, வெயிலில் நன்றாகக் கறுத்து, முதல் பந்தியில் அத்தைக்கு நேர் எதிரே உட்காருவேன்.

உங்கள் மகள்,
பிரேமலதா