ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தான்

தோப்ரிச், செப்டம்பர் 19

அன்பு மகள் நெவேனாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முட்டி மட்டும் சௌக்கியமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அம்மா மிளகாய் சுட்டு லூத்தெனிட்சா தொக்கு கிளறி இருபது பாட்டில் அடைத்துவிட்டாள், ஆறு உனக்கு.

எண்ணெய் ஆலையில் புதுசாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள், எண்ணெய் பிழியும் மூன்று பிரஸ்ஸில் எது சூடாகிறது எது அதிர்கிறது எல்லாம் அதிலே தெரியும். அதன் முன்னால் நாற்காலி போட்டு யாரை உட்காரவைத்தார்கள் தெரியுமா, ராத்கோவை! முப்பத்தோரு வருஷம் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துப் பேரிங் சத்தம் கேட்டவன் நான், சூரியகாந்தி மூட்டை தூக்கினவனுக்கு நாற்காலி. ஒளிக்காமல் சொல்கிறேன், வயிறு எரிந்தது. பத்தாததற்கு அவன், என்னய்யா மெத்தோதி, உன் காதுக்கு இனிமே வேலையில்ல, கம்மல் வாங்கி மாட்டிக்கோ என்று எல்லார் முன்னாலும் கிண்டல் வேறு.

திங்கட்கிழமை மூன்றாவது பிரஸ் முனகியது என் காதில் விழுந்தது. பேரிங் போகப்போகிறது. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெட்டி கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம், ராத்கோவின் மூக்கு உடையட்டும் என்று இருந்துவிட்டேன். பேரிங் இறுகினால் தீப்பிடிக்கும், அந்த இடத்தில் பிண்ணாக்கு அள்ளுகிறவள் அவன் மனைவி ஸ்தோயன்கா, அதுவும் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை திரை சிவந்து சங்கு ஊதியது. கீழே ஒரு பொத்தான், ஒப்புக்கொள்கிறேன் என்று. பார்த்துவிட்டேன் என்று போடவேண்டியதை எவனோ நம் மொழியில் அப்படி மாற்றிவைத்திருக்கிறான். அழுத்தினவன் பெயர் பதிவாகிவிடும். ராத்கோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் ஒரு தப்பும் பண்ணலையே, எதுக்கு ஒப்புக்கணும், நாளைக்கு இதையே காட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க என்று கத்துகிறான். அழுத்துடா என்கிறார் போர்மேன், நீங்களே அழுத்துங்க என்கிறான் இவன். நான் ஓடிப்போய் பிரஸ்ஸை நிறுத்தினேன். சங்கு அப்போதும் ஓயவில்லை. திரும்பி வந்து, என் பெயரைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் ராத்கோ ஒரு பாட்டில் ராக்கியா சாராயத்தோடு வந்து, நீ மனுஷன்யா, என் பழிய நீ ஏத்துக்கிட்டியே என்று கட்டிப்பிடித்து அழுதான். ஸ்தோயன்கா பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுட்டு அனுப்பினாள், நான் தொடாமல் அம்மா பக்கம் தள்ளிவிட்டேன். திங்கட்கிழமை விஷயம் அம்மாவுக்கும் தெரியாது, உனக்குத்தான் சொல்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். போனில் அம்மா சொன்ன பொத்தான் கூத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அந்த வார்த்தையை மாற்றச்சொல்லி திரை செய்த கம்பெனிக்கு எழுதவா என்று கேட்டாயே, வேண்டாம் கண்ணு, அது அப்படியே இருக்கட்டும்.

உன் அப்பா,
மெத்தோதி