காணவில்லை என்று எழுதிய வரி

டிசம்பர் 9, 2025
பணி ஓய்வுக்குப் பிறகு, தாத்தா இருந்த காலாட்படைப் பிரிகேடின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மலேயா வரை வந்தாயிற்று. அங்கேதான் 1942-ல் சமையல்காரர் ராமலிங்கம், என் அம்மாவின் அப்பா, காணாமல் போனார். அவருக்கு இன்றுவரை திதி கொடுத்ததில்லை. அம்மா சொன்னாள்: “செத்துட்டார்னு மட்டும் எழுதாதப்பா. காணோம்னு எழுது, போதும்.” எண்பத்து நாலு வயசு மணியம்மாள் சொன்னால் சொன்னதுதான். எழுதினேன்.

டிசம்பர் 20
செவிலிமேட்டில் மழை. ஒரு வரிகூட ஓடவில்லை.

ஜனவரி 6, 2026
லண்டனிலிருந்து நண்பர் பிரேம்நாத் பிரிகேடின் போர்க்காலக் குறிப்பேட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பக்கம் பக்கமாக அதிகாரிகள் பெயர். சமையல்காரனை யார் எழுதப் போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டே புரட்டினேன். எழுதியிருக்கிறார்கள். 16 ஜனவரி 1942: ஆற்றங்கரைக் காவலுக்குச் சோறு கொண்டுபோன ராமலிங்கம் குண்டு பட்டு இறந்தான்.

பஞ்சாங்கம் பார்த்தேன். அன்று தை அமாவாசை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 8
சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். வெற்றிலையை மடித்தபடி, “தெரியும்பா” என்றாள்.

1951-ல் பட்டாளத்திலிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்ததாம். முசரவாக்கம் வீட்டில் படிக்கத் தெரிந்தது பத்து வயசு அம்மா ஒருத்திக்குத்தான். “எங்கம்மா பொட்டும் பூவுமா எதிர்ல குந்திக்கினு இருந்தா. இன்னும் தேடிக்கினு இருக்காங்களாம்னு படிச்சிட்டேன். காயிதத்த அடுப்புல போட்டுட்டேன்.”

பாட்டி சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே? கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம்.

“வாய் வரலப்பா. பட்டாளத்துக்கே சோறு போட்ட மனுஷனுக்கு ஒரு பிடி சோறு வைக்காம உட்டுட்டேனே.”

அப்போதுதான் அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வயசுப் பிள்ளை, எவ்வளவு பெரிய சுமை! பாவம் என் அம்மா.

ஜனவரி 12
அமாவாசைக்கு என்ன சமைப்பது என்று அம்மா நாலு தடவை கேட்டுவிட்டாள். வாழைக்காய் வேண்டுமாம்.

ஜனவரி 18, தை அமாவாசை
சர்வதீர்த்தக் குளத்தில் நல்ல கூட்டம். தர்ப்பணம் கொடுத்தேன். அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து காக்கைக்கு அவளே சோறு வைத்தாள். ஒரு பிடி இல்லை, இலை நிறைய.

பிறகு என் நோட்டைக் கேட்டாள். ‘காணவில்லை’யை அடித்து, ‘இறந்தார்’ என்று எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரியில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள்.

இந்த முறை எழுதியிருந்ததை அப்படியே படித்தாள்.