விக்கெட் என்னால் விழவில்லை

என் செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் இரண்டுக்கும் சரியாகப் போயிற்று. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். நான் முக்கியமான விஷயத்துக்கு வந்தாலே உன் போனில் சிக்னல் போய்விடுகிறது, இல்லையென்றால் யாரோ உன் கதவைத் தட்டிவிடுகிறார்கள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்து முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சினிமாவுக்குப் போனோம். எங்கள் மருந்துக்கடை முதலாளி, படம்னா இதுதாம்மா படம், கண்ண சிமிட்ட விடல என்று ஒரு வாரமாக உயிரை எடுத்துவிட்டார். அதில் கதாநாயகன் கயிறு அறுந்த லிஃப்டில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு இன்னொரு கையால் நாலு பேரை அடிக்கிறான். உன் அப்பா மாதிரி ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது என்ன பாடு என்று யோசித்துப் பார். ஒரு கயிறு அறுந்தா மத்த கயிறெல்லாம் என்ன பண்ணுது, பிரேக்கு எங்க போச்சு, இவனுங்கள்ல ஒருத்தனாவது ஒருநாள் குழிக்குள்ள எறங்கிப் பாத்திருக்கானா என்று அவர் தியேட்டருக்கே கேட்கும்படி ஆரம்பித்துவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பி, அங்கிள், லிஃப்ட நாளைக்கு வந்து ரிப்பேர் பண்ணிக்கலாம், இப்ப படம் பாக்க விடுங்க என்றான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், மானம் போனது ஒரு பக்கம். அப்புறம் தூர தேசத்தில் இருக்கும் அக்கா திரும்பி வந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிற காட்சி வந்தது பார், எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. அப்பா பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டி, உப்பு கம்மின்னு சொன்னியே, இது மேல அழுதுக்கோ என்றார். ஆனால் அவர் குரலும் சரியாக இல்லை. இரண்டு பேருக்கும் உன் நினைப்புதான்.

நீ தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டாய். சரி, வேலை அப்படி என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நேற்று நடந்ததைக் கேள். நேற்று இறுதிப்போட்டி. நம் வீட்டு மேட்ச் சட்டம் உனக்குத் தெரியாததில்லை. அப்பா ஃபேனுக்கு நேர்கீழ் நாற்காலியில், தம்பி தரையில், நான் சமையலறையில். நான் ஹாலில் கால் வைத்தால் விக்கெட் விழும், நம் டீம் ஜெயிக்க வேண்டுமென்றால் நான் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. எனக்குக் கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, வேதவாக்காகவே ஆகிவிட்டது. எத்தனை கோப்பை ஜெயித்திருக்கிறோம், கடைசிப் பந்தை ஒரு தடவையாவது நான் கண்ணால் பார்த்திருப்பேனா? இது போதாதென்று உன் தம்பி நான் கையில் கரண்டியோடு எட்டிப்பார்ப்பதைப் போட்டோ எடுத்து, வந்துட்டேன்ல என்று கீழே எழுதி ஸ்டிக்கராக்கி, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு வைத்தான். அன்றிலிருந்து மாமா கார் நின்றுபோனால் என் படம், சித்தி வீட்டில் கரண்ட் போனால் என் படம். நானும் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சியைப் போட்டுவிட்டுப் போவேன். இதே நான் மருந்துக்கடையில் நின்றால், அக்கா, நீங்களே எடுத்துக் குடுங்க, உங்க கையால வாங்கினாத்தான் காய்ச்சல் எறங்குது என்று காத்திருந்து வாங்கிப்போகிறார்கள். கடையில் ராசிக்காரி, வீட்டுக்குள் நுழைந்தால் ராசி கெட்டவள், என்ன கொடுமை பார்.

நேற்று சமையலறையில் புகை போக்கும் ஃபேன் ரிப்பேர், அதனால் சத்தமில்லை, பின்ஜன்னலும் திறந்திருந்தது. பாலைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்காரர் வீட்டில், ஐயோ போச்சே என்று ஒரு கூக்குரல். என்னமோ ஏதோ என்று பதறி, பால் பொங்கி அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குள் போனேன், நான் நுழையவும் நம் டிவியில் விக்கெட் விழவும் சரியாக இருந்தது. அப்பா துள்ளி எழுந்து, நான் சொல்லல, நான் சொல்லல, உன்ன யாரு இங்க வரச் சொன்னது என்று குதித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது அப்பவே விழுந்திடுச்சே, மேல கத்தினாங்களே, நான் பால் எறக்கறதுக்கு முன்னாடியே கத்தினாங்களே என்றேன். உளறாத என்றார். பொறுங்க என்று மறுபடி ஜன்னலண்டை போய்க் காதைக் கொடுத்து நின்றேன். மேலே கைதட்டல் கேட்டதும், இப்ப ஒரு ஃபோர் வரும் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். வந்தது. கொஞ்சம் கழித்து, இன்னொண்ணு வரும், பெருசு என்றேன். சிக்ஸ். அப்பா வாயைப் பிளந்துவிட்டார். பெண்டாட்டிக்கு அருள் வந்துவிட்டது என்றே நினைத்தாராம். உன் தம்பிதான் சிரித்துச் சிரித்துப் புரையேறி உடைத்துச் சொன்னான். கேபிளை எடுத்துவிட்டு டிவியை இன்டர்நெட்டில் ஓட விட்டதிலிருந்து நம் வீட்டுக்கு எல்லாமே அரை நிமிஷம் தாமதமாகத்தான் வருகிறதாம், மேல் வீட்டில் டிஷ், அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுமாம். அப்பா நம்பவில்லை. அந்த முழங்காலோடு ஜன்னலுக்கும் ஹாலுக்குமாக ஓடினார் பார், மேலே சத்தம் கேட்டதும் இங்கே ஓடி வந்து டிவி முன்னால் நிற்பதும், அது நடந்ததும் திரும்ப ஓடுவதும், கண்கொள்ளாக் காட்சி.

அப்புறம் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உக்காரு என்றார். உட்கார்ந்தேன். இத்தன நாளும் உன்ன சும்மா நிக்க வச்சிட்டேனே என்றார். சும்மா எங்க நின்னேன், பத்துப் பாத்திரம் தேச்சேன் என்றேன். அப்ப கேபிள் இருந்த காலத்துல விழுந்ததுக்கெல்லாம் என்ன சொல்ற என்று இழுத்தார், நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். கடைசிப் பந்து வரைக்கும் அசையாமல் பார்த்தேன். தோற்றுத்தான் போனார்கள். ஆனால் எனக்கு என்னவோ கோப்பையே கைக்கு வந்த மாதிரி இருந்தது, போ. அப்பாவைக் கேட்டால், நீ உக்காந்ததாலதான் இவ்வளவு கிட்டத்துல வந்து தோத்தாங்க, இல்லேன்னா கேவலமாயிருக்கும் என்கிறார். மனுஷனைத் திருத்த முடியாது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உன் தம்பி சட்டென்று முகம் வாடி, அம்மா, அக்கா வராததுக்குக் காரணம் லீவு இல்லம்மா என்றான். நீ அவனிடம் சொன்னதைச் சொன்னான். போன வருஷம் நீ வந்து இறங்கிய மூன்றாம் நாள் அவனுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனதே, அப்போது அத்தை பையன் நீ பெட்டியோடு வாசலில் நிற்கிற போட்டோவில், அக்கா என்ட்ரி, சம்பந்தம் எக்ஸிட் என்று எழுதிக் குரூப்பில் போட்டான் அல்லவா, அதை நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாயாம். நான் வந்து நின்னா மறுபடி ஏதாவது ஆயிடும், நீ நல்லபடியா கல்யாணம் பண்ணிக்கோ, நான் வீடியோல பாத்துக்கறேன் என்றாயாம். அடி அசடே! அந்த ஸ்டிக்கருக்குக் கீழே நீயும் விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சிதானே போட்டிருந்தாய். அதைப் பார்த்துத்தான் நானும் ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். அந்த மூஞ்சிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது தம்பி சொன்ன இன்னொன்றையும் கேள், இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் பேசி முடித்திருந்த அந்தப் பெண், எனக்கு இதில் இஷ்டமில்லை, வேறொருத்தரை மனதில் நினைத்திருக்கிறேன் என்று நீ விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே அவனைக் கூப்பிட்டு நேரடியாகச் சொல்லிவிட்டாளாம். வீடே வெள்ளையடித்து உன் அறையைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம், அக்கா வந்து ரெண்டு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்னு வாய மூடிட்டு இருந்தேம்மா என்கிறான். முடிந்துபோனது எப்போதோ முடிந்துவிட்டது, நமக்குச் சேதி வந்து சேர்ந்ததுதான் நீ வந்த பிறகு. இதை இவன் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நேற்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். உன்னை இன்றே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றான், முதலில் என் கடிதம் போகட்டும், அவள் கையில் பிடித்துப் படிக்கட்டும் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காலையில் குரூப்பைத் திறந்தால், நீயும் பார்த்திருப்பாய், பூப்படம் போட்டு வணக்கம் சொல்வதைத் தவிர வேறெதுவும் அறியாத மனுஷன், என் மகள் படத்தையும் என் மனைவி படத்தையும் இனிமேல் யாரும் போடக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது, ஆரம்பித்து வைத்தவன் நான்தான் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் அத்தை பையன் தனியாகக் கூப்பிட்டு, மாமா, அக்கா சிரிச்சாங்கன்னுதான் நெனச்சேன் என்று அழாத குறையாகப் பேசினான். அவனும் கெட்ட பிள்ளை இல்லை, நீ அவனை ஒன்றும் சொல்லாதே. வரப்போகிற பெண்ணிடமும் தம்பி சொல்லிவிட்டான். அவள், அண்ணி வரலேன்னா எனக்கு அந்த மேடையில யாரு துணை, உங்க வீட்டுல எல்லாருமே ஒரு மாதிரி இருக்கீங்க என்றாளாம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதனால் லீவு கேள். இல்லை என்றால் சண்டை போட்டுக் கேள், வீட்டில் எங்களிடம் எவ்வளவு போட்டிருக்கிறாய், அதில் பாதி போதும். உன்னால் எதுவும் கெடாது என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை, கல்யாண வீட்டில் ஏதாவது கெடத்தான் செய்யும், மழை வரும், மைக் வேலை செய்யாது, யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டும். அன்றைக்கு என்ன கெட்டுப்போனாலும் நீ என் பக்கத்தில் இருக்கும்போது கெட்டுப்போகட்டும். நல்லதை மட்டும் வீடியோவில் பார்த்துக்கொள்கிற மகள் எனக்கு வேண்டாம்.

நீ நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. பதிலில் வேறெதுவும் எழுத வேண்டாம், வருகிற தேதியை மட்டும் எழுது, அப்பா அன்றைக்கு லீவு போட வேண்டும்.

உன்னை வாசலில் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா