கலர் ஏற்றாத படம்

இன்று காலை நீடாமங்கலம் கடைத்தெரு முனையில் என் முகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது பிளக்ஸ். அந்த மை வாடை தெரு முழுக்க அடித்தது. வேலை முடிந்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது உன் துப்பட்டாவில் இருக்குமே, அதே வாடை. தலை வலிக்கிறது, தள்ளி உட்கார் என்பேன். "ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் தடவிட்டு வர்றேன், சும்மாவா?" என்று இன்னும் ஒட்டி உட்காருவாய்.

பரிசு பெற்ற எங்கள் ஊர் எழுத்தாளருக்கு வாழ்த்துகள் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர்கள் சேர்ந்து வைத்தது. அத்தா வண்டியை நிறுத்தி இறங்கி, மகள் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா வெள்ளையா விழுந்திருக்கே" என்றார். முக்காட்டுக்குள் யாரோ ஒருத்தியின் பால் முகம். மூக்குக்கண்ணாடி மட்டும்தான் என்னுடையது.

பெருமையாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பரிசுச் செய்தி வந்த அன்று ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் எந்தக் கதைக்குப் பரிசு வந்ததோ அந்தக் கதையின் உயிர் உன் வாயிலிருந்து வந்தது. பரிசுக் குறிப்பில் 'நகரத்து மாயக் கதை' என்று எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. பஸ் ஸ்டாண்டு கதை என்போம்.

தஞ்சாவூரில் நீ டிசைனராக இருந்த பிளக்ஸ் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே மாடிப்படிக்கு இரண்டு பக்கம். மத்தியானச் சாப்பாடு உன் கடையில்தான், ஏசி இருக்கும். ஏசி மெஷினுக்கு, நமக்கில்லை. அன்றைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஒருவர் தன் அப்பா படத்தோடு வந்திருந்தார். காலமெல்லாம் வயலில் நின்று கறுத்த மனிதர். மகன் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கலரைக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார். ஏற்றினாய். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் ஏற்றினாய். அவர் திருப்தியாகப் போன பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாய்: "இந்தப் பெரியவரு பேனர்லேருந்து எறங்கி வூட்டுக்குப் போனா யாரும் உள்ள விட மாட்டாங்கடி. யாரு நீங்கன்னு கேப்பாங்க. நான்தான் கலர் ஏத்திட்டேனே."

நான் எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன். நீ சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் எத்தனை நாள் பஸ்ஸில் அந்தக் கதையைக் கட்டினோம். விடிகாலையில் தஞ்சாவூர் பேனர்களிலிருந்து செத்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் உண்டா என்று நான் கேட்டேன். "டவுன் பஸ்ஸுன்னா பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. ஆம்பளைங்க செத்தாலும் எடுக்கத்தான் வேணும்" என்றாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீயே எழுது என்று எத்தனையோ முறை சொன்னேன். உட்கார்ந்து எழுத உனக்கு முதுகு இல்லையாம்.

எழுதி முடித்து முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். போனில் படித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா உன் கதையில செத்தவங்கல்லாம் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. நான் டிசைன் பண்ணவங்க யாரும் அப்படி இல்ல" என்றாய். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு மாற்றி எழுதினேன். குடிகாரரும் வந்தார், மருமகளைப் பாடாய்ப் படுத்திய மாமியாரும் வந்தார். அவர்களையும் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அந்த இலக்கியக் கூட்டத்தை மறந்திருக்க மாட்டாய். கதையை வாசித்து முடித்ததும் தலைமை தாங்கிய பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, காவிரி இருக்கு, நெல்லு இருக்கு, விவசாயி படற பாடு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு பேனர்ல உள்ளவன் எறங்கி பஸ் ஏறுறான்னு எழுதுறீங்க. சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்துவிட்டாய். "ஐயா, உங்க பொண்ணு கல்யாண பேனரு நான்தான் டிசைன் பண்ணேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு கலர் ஏத்தச் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?" பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டத்துக்கு நம்மை யாரும் கூப்பிடவில்லை.

கதையைப் போட்டிக்கு அனுப்பிய மாதமே உனக்குக் காய்ச்சல் வந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். நாட்டு மருந்தில் சரியாகிவிடும் என்று நீயும் சொன்னாய், உன் அம்மாவும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சரியாகவில்லை.

உன் கடைதான் உனக்கும் பேனர் அடித்தது. வழக்கம்போல் கலர் ஏற்றி. மறுநாள் உங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, தினமும் நம்மை ஏற்றிக்கொண்டு போன கண்டக்டர் அங்கே கட்டியிருந்த அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "ஏன், கூட வர்ற பொண்ணு இன்னைக்கு லீவா?" என்றார். நம் கதையை அவர் படித்ததில்லை. படித்திருந்தால் என்னைச் சூனியக்காரி என்றிருப்பார். அன்று முழுக்க எனக்கே அப்படித்தான் இருந்தது.

போன வாரம் தஞ்சாவூரில் விழா. மேடையில் நடு நாற்காலியில் அதே பேராசிரியர். எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்து, "இந்தப் பொண்ணுக்கிட்ட விஷயம் இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். உயிரோடிருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, அதனால் வீட்டாருக்கு அடையாளம் தெரியாமல் போவதை, நுட்பமாகச் சொல்லும் கதையாம். எல்லோரும் கைதட்டினார்கள். கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதையில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன், அதைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார். ஏற்புரையில் உன் பெயரைச் சொன்னேன், இது பாதி உன் கதை என்று சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். பேப்பரில் அந்த வரி வரவில்லை.

உன் முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. பேனரை நான்தான் வைப்பேன், அதுவும் உன் சொந்த நிறத்தில் வைப்பேன் என்று முடிவு செய்திருந்தேன். நேற்று உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உன் கடைக்குப் போனேன். உன் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண். நல்ல மாதிரி. கம்ப்யூட்டரில் உன் பெயரில் இருந்த உன் படங்களை எல்லாம் பொறுமையாகத் திறந்து காட்டினாள். அத்தனையும் கலர் ஏற்றியவை. உன் அம்மா கொண்டுவந்திருந்த உன் போனைத் தேடினோம். அதிலும் அப்படித்தான். என் போனில் நாம் சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாம் நீ பிடுங்கி எடுத்தவை, ஃபில்டர் போடாமல் நீ எடுத்ததே இல்லை. ஆதார் படத்தில் யாருடைய முகம் தெரிகிறது, உன்னுடையது தெரிய? "அக்கா அவங்களே உக்காந்து பண்ணியிருக்காங்க" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது. இல்லாதவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. கலர் ஏற்றச் சொன்ன அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தாயே, அந்தப் பேராசிரியரை எழுந்து நின்று கேட்டாயே, எங்களுக்குத் தெரியாமல் இதை எப்போது செய்தாய்?

குறைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். குறைத்தாள். சாம்பல் பூத்த ஒரு முகம் வந்தது. அதுவும் நீ இல்லை. உன் அம்மா திரையைத் தொட்டார்கள். நடவு நட்டு நகம் தேய்ந்த விரல். "பழைய மாதிரியே வச்சிடும்மா" என்றார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பொண்ணு பாக்க வந்தவன்லாம் கலரைத்தானே சொல்லிட்டுப் போனான். அவ ஆசைப்பட்டது இது. இதுலயாவது இருந்துட்டுப் போவட்டும்."

பரிசு வாங்கிய கதையின் ஒரு வரிகூட அவர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஏற்றிய படத்துக்கே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுத்திலாவது உன் நிறத்தை வைத்துவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். கறுப்பு என்று எழுதினேன். அது எல்லாக் கறுப்புக்கும் பொருந்துகிறது. வெயிலில் நடந்து வந்தால் உன் கழுத்தோரம் இன்னும் கறுத்து, காதுக்குக் கீழே மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். இதை எழுதிப் படித்துப் பார்த்தேன். இதிலும் நீ இல்லை. ஊரெல்லாம் பேனர் வைத்துக் கொண்டாடும் எழுத்தாளருக்கு இதற்கு மேல் கை வரவில்லை. கண்ணை மூடினால் அந்த நிறம் எனக்கு அப்படியே தெரிகிறது. யாருக்கும் காட்ட முடியவில்லை.