படத்துக்கு வாங்கிய மாஸ்க்

அண்ணா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்தப் புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. நீ பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துவிட்டுப் போன மாஸ்க். கன்னத்துக்கு ஒரு வடிகட்டி டப்பாவும் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியுமாக, கடையிலிருந்து வந்தது போலவே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வயலுக்கு மருந்து அடிப்பவர்களுக்கென்றே விற்கிற மாஸ்க் அது. பார்க்கப் பயங்கரமாக இருக்கிறதென்று உன் திகில் படத்துக்காக வாங்கினாய். முகமூடிக் கொலைகாரன் ஒரு பெண்ணை மோட்டார் கொட்டகையில் அடைத்து வைக்கிறான், அவ்வளவுதான் கதை. கேமரா உன் கூட்டாளியின் செல்போன். கொலைகாரன் நீ. வேறு பெண் கிடைக்காததால் மாட்டியது தங்கச்சி நான். வைக்கோல் கட்டுகிற கயிற்றால் என்னைக் கட்டிப்போட்டுவிட்டு, "நல்லா கத்துடி, கீழ்வேளூர் வரைக்கும் கேக்கணும்" என்றாய்.

எனக்கு ஒரே வசனம்தான்: "மாஸ்க்கக் கழட்டு!" படம் முழுக்க அதையே கத்தினேன். நீ கழட்டவில்லை. வியர்த்து ஊற்றியபோதும், சாப்பாட்டு நேரம் வரை அதோடுதான் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாய். "கழட்டிட்டா கெத்து போயிடும்" என்றாய்.

அதே நீதான் படம் முடிந்த மறுவாரம் கூலிக்கு மருந்து அடிக்கக் கிளம்பும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டாய்.

"வீட்ல மாஸ்க் இருக்குல்லண்ணே, அதப் போட்டுக்கிட்டுப் போயேன்" என்றேன்.

சிரித்தாய். "ஏய், அது படத்துக்கு வாங்குனது. மருந்து பட்டா பாழாப் போயிடும். ரெண்டாம் பாகத்துக்கு வேணும்ல?"

மாஸ்க் பாழாகக் கூடாது, நீ பாழானால் பரவாயில்லை. எப்பேர்ப்பட்ட புத்தி உனக்கு!

எதிர்க்காற்றில் அடித்திருக்கிறாய். வரப்பில் வாந்தி எடுத்து விழுந்த உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். துக்கத்துக்கு வந்த வயல்காரர் அம்மாவிடம், "தம்பி கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார். பிறகு நம் வாசலில் நின்றே, "பாக்கி வயலுக்கு யாரு அடிப்பா?" என்று விசாரித்தார். மருந்து வாங்கிக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. அவர் மேல் உள்ள கோபமும் எனக்குத் தீரவில்லை, உன் மேல் உள்ளதும் தீரவில்லை.

இன்று நம் வயலுக்கு மருந்து அடிக்க வந்தவர் மூக்கிலும் துண்டுதான். அதனால்தான் பீரோவைத் திறந்தேன். உன் படத்தைப் பார்த்தவர்தான்; மாஸ்க்கை நீட்டியதும் சிரித்துவிட்டார். "அய்யய்யோ, இது அந்தக் கொலைகாரன் மூஞ்சியாச்சே தங்கச்சி!"

"ஆமாண்ணே. போடுங்க. இல்லன்னா டேங்க இறக்கி வச்சிட்டுக் கிளம்புங்க."

போட்டுக்கொண்டு இறங்கினார். நான் மருந்து மேலே படாதபடி காற்று வரும் பக்கத்து வரப்பில் நின்றேன். பயிருக்கு நடுவே உன் கொலைகாரன் நடந்து போனான். பாதி வயலில் புழுக்கம் தாங்காமல் அவர் கை மாஸ்க்குக்குப் போனது. நீ பழக்கிவிட்ட தொண்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கீழ்வேளூர் வரைக்கும் கேட்கிறாற்போல் கத்தினேன்.

"கழட்டாதீங்கண்ணே!"