தோமஸ் கனடாவுக்குப் போன நாடகம்

செப்டெம்பர் 7, 2025, ஞாயிறு. ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்

இன்று தமிழ்ப் பாடசாலைக் கூட்டம். ஆண்டு விழாவின் பெற்றோர் நாடகம் வழக்கம்போல என் தலையில். போன வருடம் ஊர்க் கதை போட்டோம். மேடையில் தொங்கிய வரைபடத்தில் ஒரு கோடு பிழை என்று இரண்டு குடும்பங்கள் இன்னும் முகம் பார்ப்பதில்லை. தலைவர் ராசா அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "எங்கடை சோலியே வேண்டாம், தங்கச்சி. ஆற்றையேன் வேற நாட்டுக் கதையைப் போடுங்கோ."

வீட்டுக்கு வந்தால் மகள் தக்ஷிகா சரித்திரச் சோதனைக்குப் படிக்கிறாள். அமெரிக்கா பாடம். இங்கிலாந்துக்காரன் வரிக்கு மேல் வரி போடுகிறான், பொஸ்டன் சனம் கொதிக்கிறது, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டுகிறது, பிறகு சண்டை, பிறகு புது நாடு. தேயிலை! எங்கள் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? இருநூற்றைம்பது வருடத்துப் பழைய சண்டைக்கு இங்கே யார் கோபிக்கப் போகிறார்கள்?

செப்டெம்பர் 14

எழுதி முடித்துவிட்டேன். இரண்டு சகோதரர்கள். தம்பி பீற்றர் தேயிலையைக் கொட்டுகிறவன். அண்ணன் தோமஸ் கடை வைத்திருக்கிறவன். வரி அநியாயம் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அயலவனின் வீட்டுக்கு நெருப்பு வைப்பதும் அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்கிறான். அதற்கு ஊர் அவனைத் துரோகி என்கிறது. புது நாடு பிறக்கிறது, தோமஸ் கப்பல் ஏறுகிறான்.

தக்ஷிகா வாசித்துவிட்டு, "அம்மா, உண்மையாவே அப்பிடி ஆயிரக்கணக்கில சனம் வெளிக்கிட்டது. கனபேர் கனடாவுக்கு" என்றாள். கனடா என்றே எழுதிவிட்டேன்.

இவர் வாசிக்கவில்லை. ஆண்டு விழா என்றாலே என் மனிசன் பாலசிங்கத்துக்குக் காது கேட்காது.

செப்டெம்பர் 28

ஆர் ஆர் நடிப்பது என்று பேச்சு. பீற்றர் ஆர் என்று நான் கேட்டு முடிக்கவில்லை, ராசா அண்ணையின் கை மேலே. அறுபத்திரண்டு வயதில் இளந்தம்பி!

தோமஸுக்கு ஒருவரும் இல்லை. ஜனார்த்தன் சொல்கிறான்: "நாடகந்தான் அக்கா. எண்டாலும் நாளைக்குச் சனம் என்னை அந்தப் பேராலதான் கூப்பிடும்." வினோதனுக்கு முதுகு நோகிறதாம். கப்பல் ஏற முதுகு எதற்கு?

ராசா அண்ணைக்கு ஒரு யோசனை. தோமஸுக்குத் தார் பூசி, இறகு ஒட்டி, மேடையைச் சுற்றி இழுப்பமாம். அந்தக் காலத்தில் அப்படித்தானாம், சனம் கைதட்டுமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தோமஸ் மரியாதையாக் கப்பல் ஏறுவான், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

செப்டெம்பர் 29

ஏன் அவ்வளவு கோபம் வந்தது? எனக்குத் தெரியாதா என்ன.

2014 மே. ஆண்டு விழா நடக்கிற அதே மண்டபம், போரில் செத்தவர்களுக்கான நினைவுக் கூட்டம். இவர் எழும்பி, "எங்கடை பக்கமும் பிழை இருக்கு. அதையும் கதைக்க வேணும்" என்றார். அவ்வளவுதான். முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம்: "துரோகி, இரு கீழ!" ராசா அண்ணை. வந்த புதிதில் அகதி முகாமில் இவரோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட ராசா அண்ணை.

அதோடு சரி. பதினொரு வருடமாக இவர் ஒரு விழாவுக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் திருத்துகிறார். நன்றாக ஓடுகிற சைக்கிளை! நான் தனியே போய் வருகிறேன். பாலா வரேல்லையோ என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கூட நோகும்.

அப்படியென்றால் தோமஸ் என்று நான் எழுதியது ஆரை? சத்தியமாய் எழுதும்போது தெரியாது.

ஒக்ரோபர் 3

மேசையில் நாடகத் தாள்கள். மேலே இவருடைய கண்ணாடி. வாசித்திருக்கிறார்! கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"சுலோ, தோமஸை நான் செய்யிறன்."

"அந்த மண்டபத்திலயோ?"

"ஓம். பின்ன எங்க?"

சந்தோசமாயும் இருக்கிறது, பயமாயும் இருக்கிறது. சனம் கூக்காட்டினால்? அந்தச் சொல் இன்னொருதரம் எழும்பினால், இந்த மனிசன் பிறகு ஒரு நாளும் அந்தப் பக்கம் வரமாட்டார்.

ஒக்ரோபர் 19

ஒத்திகை. இவரைக் கண்டதும் ராசா அண்ணை "வாரும்" என்றார், வேறொன்றும் இல்லை. மேடையில் அண்ணா, தம்பி. இறங்கினால் ஆளுக்கொரு மூலை.

கடைசிக் காட்சியில் புதுத் தலையிடி. "நான் கனடாவுக்குப் போறன்" என்று இவர் சொன்னதும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பு. "ஸ்பொன்சர் ஆர் அண்ணை?" என்று ஜனார்த்தன். கனடாவில் ஒரு மச்சாளாவது இல்லாத வீடு எங்களில் எது? என் சோகக் காட்சி போச்சு. வேறு ஊர்ப் பெயர் போடுவோம் என்றேன். இவர் விடவில்லை. "இருக்கட்டும் சுலோ. சிரிக்கிற சனம் கூக்காட்டாது."

ஒக்ரோபர் 26

நல்ல தேயிலையைக் கொட்ட எங்கள் பெண்களுக்கு மனம் வருமா? எல்லா வீட்டிலும் வடித்த சக்கையைக் காயவைக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் போட்டோம். எங்கள் பல்கனி முழுக்கச் சக்கை. கீழ்வீட்டு சுவிஸ் மனிசி, பூஞ்செடிக்கு உரமா என்று கேட்டா. புரட்சிக்கு என்று சொல்ல எனக்கு டொச் பாசை வரவில்லை. ஓம் என்றேன்.

நவம்பர் 7

நாளைக்கு. தோமஸின் கோட்டுப் பொத்தானை மூன்றுதரம் தைத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்றுத் தேயிலைக் காட்சிக்கு விசிலடித்தார்கள். சக்கை முன்வரிசைவரை பறந்தது. "துரோகி" என்ற வசனம் வந்தபோது நான் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். ஒருவரும் கூக்காட்டவில்லை.

"நான் கனடாவுக்குப் போறன்." நினைத்த மாதிரியே முந்நூறு பேரும் சிரித்தார்கள். இவர் அவசரப்படவில்லை. சிரித்து முடியும்வரை நின்றார். பிறகு மெதுவாக, "உங்கடை புது நாடு நல்லாயிருக்கட்டும், தம்பி. அதில எனக்கும் ஒரு கதிரை இருந்தது" என்றார்.

நான் எழுதியபடி பீற்றர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், தோமஸ் தன் றங்குப்பெட்டியைத் தனியே இழுத்துக்கொண்டு போக வேண்டும். ராசா அண்ணை திரும்பித்தான் நின்றார். பெட்டி பலகையில் கரகர என்று உரசியது. வெறும் பெட்டி என்று தெரியக்கூடாது என்று இவர் சைக்கிள் சாமான் எல்லாம் நிரப்பியிருந்தார். பாதி மேடை போயிருக்கும். ராசா அண்ணை சட்டென்று திரும்பி வந்து மற்றக் கைபிடியைப் பிடித்தார்.

"விடும் பாலா. பாரம்."

தோமஸ் இல்லை, பாலா! சட்டையில் குத்தியிருந்த மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இரண்டு பேருமாகத் தூக்கிப்போய் மட்டைக் கப்பலில் வைத்தார்கள். பெட்டியோடு ராசா அண்ணையும் ஏறிவிட்டார், இறங்கத் தெரியவில்லை. அப்படியே திரையை மூடினோம். என் நாடகத்தில் புரட்சிக்காரனும் கனடா போய்விட்டான். "அம்மா, சரித்திரத்தை மாத்திப்போட்டினம்" என்கிறாள் தக்ஷிகா. நான் அழுது முடிக்கவே நேரம் சரி.

நவம்பர் 16, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ராசா அண்ணை வாசலில் மணி அடித்தார். இரவல் வாங்கிய மேடைத் துணியை ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற டீட்டிகோனில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், தனியே தூக்க ஏலாதாம். ஒரு துணி! இவர் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றியபடியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் போனார்.

இப்போது நாலரை. இவ்வளவு நேரமும் கதைக்க இருக்கிறது போல. இப்பதான் போன் வந்தது, ராசா வீட்டில் சாப்பிட்டுவிட்டாராம். நான் இங்கே கணவாய்க் கறி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட மத்தியானச் சாப்பாட்டுக்கு இல்லாமல் போகாத மனிசன்.

வரட்டும், கேக்கிறன்.